ஏழாம் இலக்கக் கார்: கிளிநொச்சிக் கராஜிலிருந்து பார்த்த 2024 பந்தயப் பருவம்

டொயோட்டா இடைவழியில் நிற்காது. வன்னியில் இதை எதிர்த்துப் பேச ஆள் கிடைப்பது அரிது. தகரம் உக்கி, கதவைக் கயிற்றால் கட்டி, முகப்பு விளக்கில் ஒன்று போன பிறகும் ஒட்டுசுட்டான் வீதியில் ஆட்களை ஏற்றி இறக்கிய டொயோட்டா ஹயஸ் வான்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் 2024 நவம்பரில் உலக நெடுநேரக் கார்ப் பந்தயப் பருவம் முடிந்த அன்று, என் கராஜில் வேலை பழகும் சின்னவன் கேட்ட கேள்வி முள்ளாகத் தைத்தது.

"அண்ணை, எப்போது பார்த்தாலும் டொயோட்டாவின் ஏழாம் இலக்கக் கார் முன்னுக்குத்தானே நின்றது? பிறகு ஏன் எட்டுப் போட்டியில் ஒன்றை மட்டும் வென்றது?"

உடனே பதில் வரவில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை ஒவ்வொரு போட்டியையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அதை எடுத்து, கெட்டுப்போய் வந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல் அந்தக் காரின் பருவத்தைப் பிரித்துப் பார்த்தோம். அதன் விளைவுதான் இது. கராஜின் மற்றப் பையனான பெரியவன் கணக்குப் போட்டான், சின்னவன் வாதாடினான், எழுதியது நான்.

எடுத்துக்கொண்ட வழக்கு

2024 பருவத்தில் எட்டுப் போட்டிகள்: கட்டார், இமோலா, ஸ்பா, லு மான், சாவோ பாவுலோ, டெக்சாஸின் ஓஸ்டின், ஜப்பானின் ஃபூஜி, பஹ்ரைன். ஆறு மணி நேரப் போட்டிக்கு வெற்றிப் புள்ளி 25. கட்டாரும் பஹ்ரைனும் நீண்டவை என்பதால் அங்கே ஒன்றரை மடங்கு, அதாவது 38. இருபத்து நான்கு மணி நேரம் ஓடும் லு மானுக்கு இரட்டிப்பு, 50.

ஹைப்பர்கார் என்னும் மேல் பிரிவில் மட்டும் ஒன்பது நிறுவனங்கள்: டொயோட்டா, போர்ஷே, ஃபெராரி, கடிலாக், பேஜோ, பி.எம்.டபிள்யூ., அல்பீன், லம்போகினி, இசொட்டா ஃபிரஸ்கினி. இவற்றுக்குக் கீழே எல்.எம்.ஜி.டி.3 என்ற பிரிவு அந்த வருடம்தான் புதிதாக வந்தது. பணம் கட்டி ஓட்டும் செல்வந்தரும் தொழில்முறை ஓட்டுநரும் ஒரே காரில் மாறி மாறி ஓட்டும் பிரிவு அது. நல்ல சண்டைகள் நடந்தன, ஆனால் இந்த வழக்குக்கு அவை வேண்டாம். மெதுவாகப் போகிற வண்டிகளாக அவை வழியில் இருந்தன என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்டவை இரண்டு கார்கள். ஒன்று டொயோட்டாவின் ஏழாம் இலக்கம்: மைக் கான்வே, கமுய் கோபயாஷி, நிக் டி விரீஸ். கோபயாஷி ஓட்டுநர் மட்டும் அல்லர், அந்த அணியின் தலைவரும் அவரே. கராஜ் முதலாளியே நடுச்சாமத்தில் அறுவடை இயந்திரத்தில் ஏறி ஓட்டுவது போன்ற ஏற்பாடு. மற்றது போர்ஷேயின் ஆறாம் இலக்கம்: கெவின் எஸ்ட்ரே, ஆந்த்ரே லொட்டரர், லோரன்ஸ் வந்தூர். ஓட்டுநர் பட்டம் 152 புள்ளிகளுடன் இந்த மூவருக்கும் போனது. அவர்கள் வென்ற போட்டிகள் இரண்டே இரண்டு, கட்டாரும் ஃபூஜியும்.

எட்டில் இரண்டை வென்றவர்களுக்குப் பட்டம். சின்னவன் இதைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பெனரை மேசையில் வைத்துவிட்டான்.

பங்கீடு

வழக்குக்குள் போவதற்கு முன் ஒன்றை விளக்க வேண்டும். இதை விளக்க வன்னியை விடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்தக் கார்கள் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்டவை. டொயோட்டாவில் 3.5 லீட்டர் ஆறு சிலிண்டர், ஃபெராரியில் 3 லீட்டர் ஆறு சிலிண்டர், போர்ஷேயில் 4.6 லீட்டர் எட்டு சிலிண்டர். மூன்றிலும் இரட்டை டேர்போ, மூன்றிலும் மின்மோட்டார் துணை. அப்படியே ஓடவிட்டால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். அதனால் எடை, வலு, சக்தி மூன்றையும் கூட்டிக் குறைத்து எல்லாரையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதில் சக்திப் பங்கீடுதான் விசித்திரமானது. எரிபொருளுக்கும் டயருக்குமாக ஓரம் கட்டும் இடம் பிட். ஒரு பிட் நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் சக்கரத்துக்குப் போகும் மொத்தச் சக்தி இத்தனை மெகாஜூல் என்று காருக்குக் கார் வரம்பு விதிக்கிறார்கள். அச்சுத் தண்டில் பொருத்திய உணரி அதை அளக்கிறது. தாங்கியில் எரிபொருள் மிஞ்சியிருந்தாலும் கணக்கில் சக்தி முடிந்தால் முடிந்ததுதான். தொலைக்காட்சியிலேயே அது நூற்றுக்கு இத்தனை என்று ஓடும்.

பையன்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. 2022 ஜூலையில் வந்த எரிபொருள் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், காருக்கு 20 லீட்டர். உங்கள் தாங்கி எவ்வளவு பெரியது என்று எவரும் கேட்கவில்லை. தொலைபேசியில் இருந்த கட்டம் போட்ட படம் சொன்னதுதான் அளவு. கிழமை முடியும் முன் அளவு முடிந்தால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அவர்கள் காணாத காலம் ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் நான் வேலை பழகியபோது பெற்றோல் சின்னப் போத்தலில் விற்கப்பட்டது. எம்.டி. 90 மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சர் புகை கக்கும், ஆனால் வண்டி ஓடும். அக்கராயனுக்குப் போய்வர எத்தனை மூடி வேண்டும் என்று மனத்தில் கணக்குப் போட்டே ஏறுவோம். இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி உருட்டுவோம். வன்னியில் இறக்கம் ஏது என்று கேட்பீர்கள். குளக்கட்டில் இருந்து இறங்குகிற இறக்கம்தான், அதையும் விடவில்லை.

அந்தப் பழக்கம் உள்ளவனுக்கு இந்தப் பந்தயத்தில் எங்கே கண் போக வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வேகமானி பார்க்கிற விளையாட்டு இது அன்று, அளவுகோல் பார்க்கிற விளையாட்டு.

இன்னொரு தகவல், வெறும் ருசிக்காக: 2022 முதல் இவர்கள் பாவிக்கும் எரிபொருள் திராட்சை மது வடித்தபின் மிஞ்சும் கழிவிலிருந்து எடுக்கப்படுகிறது. இதைச் சொன்னதும் எங்கள் கராஜுக்குப் பக்கத்துக் காணிப் பெரியவர், கள்ளுக்கும் ஒரு எதிர்காலம் இருக்கிறது என்று எழும்பிப் போனார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

கட்டாரில் கிடைத்த முதல் சாட்சி

மார்ச் 2 அன்று கட்டார். 1,812 கிலோமீட்டர், 335 சுற்று. டிசம்பர் 18 அந்நாட்டின் தேசிய நாள், அந்த இலக்கத்தைத் தூரமாக்கியிருந்தார்கள். இங்கே காலபோக அறுவடை முடிகிற தறுவாய். நான் பரந்தனுக்கு அப்பால் ஒரு வயலில் நின்றபடி தொலைபேசியில் பார்த்தேன்.

போர்ஷே கார்களே முதல் மூன்று இடங்களையும் எடுத்தன. ஆனால் கொப்பியில் நான் சிவப்பால் கோடிட்டது அவற்றை அன்று. 93 ஆம் இலக்கப் பேஜோ நாள் முழுவதும் பாடுபட்டு இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தது. முடிவுக் கோடு கண்ணுக்கெட்டும் வேளையில் எரிபொருள் தீர்ந்து தவழ்ந்தது. பத்து மணி நேர உழைப்பு ஒரு சுற்றளவு எண்ணெய்க்குப் போயிற்று. பருவத்தின் முதல் நாளிலேயே கணக்கு தன் பல்லைக் காட்டிவிட்டது.

ஏப்ரலில் இமோலா. ஏழாம் இலக்கத்தின் நாள் இது. அன்று ஃபெராரியே வேகமானது, சொந்த நாட்டு மண் வேறு. பாதி வழியில் மழை வந்தது. மற்றவர்கள் மழை டயருக்கு மாறினார்கள். ஃபெராரிக் கார்கள் உலர் டயரிலேயே சுற்றுக்கு மேல் சுற்றாக வழுக்கிக்கொண்டு நின்றன. கோபயாஷி கடைசிக் கட்டத்தில் சக்தியைச் சேமித்துக்கொண்டே ஆறாம் இலக்கப் போர்ஷேயைப் பின்னால் நிறுத்தி, ஏறக்குறைய ஏழு விநாடி வித்தியாசத்தில் முடித்தார். வேகம் குறைந்த கார் வென்றது. இதைக் குறித்துவைத்தபோது இதே கத்தி பிறகு ஏழாம் இலக்கத்தின் பக்கமே திரும்பும் என்று நான் நினைக்கவில்லை.

ஸ்பா எங்கள் ஆய்வுக்கு ஒத்துவராத போட்டி. மே 11 அன்று ஃபெராரி முதலிரு இடங்களில் ஓடியது. நேர்பாதையில் கடிலாக் ஒன்றும் பி.எம்.டபிள்யூ. ஒன்றும் மோதித் தடுப்பு வேலியே பெயர்ந்துபோனது. சிவப்புக் கொடி காட்டிப் போட்டியை நிறுத்தினார்கள். திருத்தி முடித்தபின் இழந்த நேரத்தைக் கூட்டி ஓடவிட்டார்கள். மோதலுக்குச் சற்று முன் பிட்டுக்குப் போய்வந்திருந்த ஜோட்டா அணியின் 12 ஆம் இலக்கப் போர்ஷே வென்றது, ஆறாம் இலக்கம் இரண்டாவது. இதில் எவருடைய திட்டமும் இல்லை. விதி என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். சின்னவன் மட்டும், முதலில் போய்வருபவனுக்குத்தான் விதி உதவுகிறது என்று ஒரு வரி எழுதினான். அதை அழிக்கவில்லை.

லு மான்: இருபத்து நான்கு மணி நேரமும் பதினான்கு விநாடியும்

ஜூன் 15, சனிக்கிழமை. பிரான்சில் பின்னேரம் நான்கு மணி, இங்கே இரவு ஏழரை. கராஜின் முன்பக்கத் தகரத்தை இறக்கிவிட்டு, பாய் விரித்து, தேநீர்ப் போத்தலுடன் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அடுத்த நாள் ஞாயிறு என்பதால் மட்டுமே இது நடந்தது.

ஏழாம் இலக்கம் தொடங்கும் முன்பே இரண்டு அடி வாங்கியிருந்தது. கான்வே சைக்கிளில் விழுந்து எலும்பு முறிந்து, அவர் இடத்தில் ஹொசே மரியா லோப்பஸ் வந்தார். தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் கோபயாஷி பாதையை விட்டு வெளியே போய் சிவப்புக் கொடிக்குக் காரணமானதால் அவருடைய நேரங்கள் அழிக்கப்பட்டன. 23 ஹைப்பர்கார்களில் 23 ஆவதாகத் தொடக்கம். முன்வரிசையின் முதலிடத்தில் ஆறாம் இலக்கப் போர்ஷே.

லு மான் சுற்று 13.626 கிலோமீட்டர். உலர்ந்த பாதையில் மூன்றரை நிமிடத்துக்குள் ஒரு சுற்று. பெரும்பகுதி பொதுவீதி, மற்ற நாட்களில் லொறியும் பஸ்ஸும் ஓடும் வீதி. ஓட்டுநர் ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்குக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் பதினான்கைத் தாண்டக்கூடாது. எங்கள் அறுவடைக் காலத்து இயந்திர ஓட்டுநர்களுக்கு இந்தச் சட்டத்தை யாராவது எடுத்துக் காட்ட வேண்டும். பனி விழுந்து வைக்கோல் நனையும் வரை ஒருவரே ஓட்டுகிறார். மறுநாள் வெயில் ஏறியதும் மீண்டும் அவரே.

இரவு கொட்டிய மழையில் பாதுகாப்புக் கார் நான்கு மணி நேரத்துக்கு மேல் எல்லாரையும் வரிசையாக இழுத்துக்கொண்டு சுற்றியது. பெரியவன் தூங்கிவிட்டான். ஆனால் இந்த நேரம்தான் 23 ஆவதாகத் தொடங்கிய காரை மீண்டும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது, இடைவெளிகள் எல்லாம் சுருங்கின. கடைசியில் ஒன்பது கார்கள் ஒரு சுற்றுக்கூடப் பின்தங்காமல் முடித்தன. இருபத்து நான்கு மணி நேரம் ஓடி முடித்த ஒன்பது பேர் ஒரு சுற்று இடைவெளிக்குள் இருப்பது இந்தப் போட்டியில் முன்பு காணாதது.

ஞாயிறு பின்னேரம். முன்னால் ஓடிய 50 ஆம் இலக்க ஃபெராரியின் வலப்பக்கக் கதவு திறந்துகொண்டது. காற்றில் அடிக்கும் கதவுடன் நிக்லஸ் நீல்சன் ஒற்றைக் கையால் அதை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். செம்மஞ்சள் வட்டம் போட்ட கறுப்புக் கொடி காட்டினார்கள்: உள்ளே வந்து திருத்து என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே மிச்சம். நேரத்துக்கு முன்னே பிட்டுக்கு வரவேண்டியதாயிற்று.

கயிற்றால் கதவு கட்டிய எங்கள் ஹயஸ் வான் நினைவுக்கு வந்தது. சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. ஃபெராரி என்ன செய்தது என்று பாருங்கள். எப்படியும் வந்தாயிற்று என்று கதவை மூடியதோடு எரிபொருளும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டாய நிறுத்தத்தைத் தேவையான நிறுத்தமாக்கினார்கள். அதன் விலை, இறுதிக் கட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சக்தியைக் கிள்ளிக் கிள்ளிச் செலவிட வேண்டியிருந்தது.

பின்னால் துரத்திய ஏழாம் இலக்கத்தில் லோப்பஸ். நனைந்த பாதையில் டன்லப் வளைவுப் பக்கம் கார் சுழன்று நின்றது. கார் உடையவில்லை, திரும்பி ஓடினார், ஆனால் விநாடிகள் போய்விட்டன.

311 சுற்றுகளின் முடிவில் ஃபெராரி முதலிடம், ஏழாம் இலக்கம் இரண்டாமிடம், இடைவெளி 14.221 விநாடி. கோட்டைக் கடந்தபோது ஃபெராரியின் சக்திக் கணக்கில் மிச்சம் நூற்றுக்கு இரண்டு.

அந்த இரண்டு என்ற எண்ணைக் கண்டு எழுந்து நின்றது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நூற்றுக்குப் பத்து மிச்சம் வைத்து முடித்தால் அது வீணடித்த வேகம். சுழியத்தில் முடித்தால் கட்டாரில் பேஜோவுக்கு நடந்தது. இரண்டு என்பது மூடி மூடியாக எண்ணி ஓட்டியவன் கை.

சிந்திய புள்ளிகள்

ஜூலையில் சாவோ பாவுலோ. ஏழாம் இலக்கம் முதலிடத்தில் தொடங்கி, முன்னால் ஓடியது. எரிபொருள் அழுத்தத்தில் கோளாறு வந்தது. முடிவில் நான்காம் இடம். அதே அணியின் எட்டாம் இலக்கம், அதாவது செபஸ்தியன் புவெமி, பிரெண்டன் ஹார்ட்லி, ரியோ ஹிரகாவா, ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றது. ஒரே அணி, ஒரே வடிவம், ஒரே நாள். ஆறாம் இலக்கப் போர்ஷே வழக்கம்போல் இரண்டாமிடம்.

செப்டம்பர் முதலாம் தேதி ஓஸ்டின். மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் போதிய அளவு வேகம் குறைக்கவில்லை என்று கோபயாஷிக்குத் தண்டனை: நிற்காமல் பிட் பாதை வழியாக ஒருமுறை போய்வர வேண்டும். பிட் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். நாம் வீதியில் போகிற வேகம். வெளியே வந்து, மீண்டும் துரத்திப் பிடித்து, 83 ஆம் இலக்க ஃபெராரிக்கு 1.780 விநாடி பின்னால் முடித்தார். இங்கே காரில் ஒரு குறையும் இல்லை. கொடியைக் கண்டும் கால் எடுக்காத ஒரு நொடிக்குக் கொடுத்த விலை.

இரண்டு கிழமை கழித்து ஃபூஜி. டொயோட்டாவின் சொந்தப் பாதை. ஐந்தாம் இலக்கப் போர்ஷேயுடன் மோதி ஏழாம் இலக்கம் வெளியேறியது. ஆறாம் இலக்கம் வென்றது.

நவம்பர் 2, பஹ்ரைன். எரிபொருள் பம்ப் பழுதாகி ஏழாம் இலக்கம் மீண்டும் இடையில் நின்றது. ஆறாம் இலக்கத்துக்கும் அது நல்ல நாள் இல்லை, ஆனால் அதற்குள் சேர்த்து வைத்திருந்தது போதுமாக இருந்தது. எட்டாம் இலக்கத்தில் புவெமி கடைசிக் கட்டத்தில் போர்ஷேயை முந்தி வென்றார். நிறுவனப் பட்டம் டொயோட்டாவுக்கு, போர்ஷேயை விட இரண்டே புள்ளி கூட. ஆக, டொயோட்டா தோற்கவில்லை. ஏழாம் இலக்கம்தான் தோற்றது.

பெரியவன் போட்ட கணக்கு

லு மானில் இரண்டாமிடத்துக்கும் முதலிடத்துக்கும் வித்தியாசம் 14 புள்ளி. ஓஸ்டினில் 7. சாவோ பாவுலோவில் நான்காமிடத்திலிருந்து முதலிடம் 13. கூட்டினால் 34.

இந்த மூன்றையும்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பதினான்கு விநாடி, ஒன்றேமுக்கால் விநாடி என்று கேட்கவே நெஞ்சு பதறுகிறது அல்லவா? ஆனால் பெரியவன் அடுத்த வரியில் எழுதியதைப் பாருங்கள். ஃபூஜியில் கிடைத்திருக்கக்கூடியது 25, பஹ்ரைனில் 38, மொத்தம் 63. கிடைத்தது பூச்சியமும் பூச்சியமும். அந்த இரண்டு நாளும் வென்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான்காவதாக, ஐந்தாவதாக வீடு வந்து சேர்ந்திருந்தாலே நிலைமை வேறு.

ஆறாம் இலக்கத்தின் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்தோம். 1, 2, 2, 4, 2, 6, 1, பிறகு பஹ்ரைனின் மெலிந்த முடிவு. எந்த இடத்திலும் வெட்டு இல்லை. லு மானில் முதலிடத்தில் தொடங்கி நான்காவதாக முடித்ததற்கு அவர்கள் அழுதிருப்பார்கள், ஆனால் அந்த நான்காமிடத்துக்கே 24 புள்ளி. ஆறு மணி நேரப் போட்டி ஒன்றின் வெற்றிக்கு ஒன்றுதான் குறைவு.

சின்னவன் விடவில்லை. "இது அதிர்ஷ்டம் இல்லையா? பம்ப் எந்தக் காரிலும் போகலாம்" என்றான். போகலாம். ஆனால் ஐந்து இழப்பையும் வகை பிரித்தபோது இரண்டு, சாவோ பாவுலோவும் பஹ்ரைனும், எரிபொருள் பக்கத்திலேயே வந்து நின்றன. இரண்டும் ஒரே காரணமா, அந்தப் பக்கத்தின் வெவ்வேறு பாகங்களா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, அதனால் சொல்லவில்லை. மற்ற மூன்றும், லு மான் சுழற்சி, ஓஸ்டின் கொடி, ஃபூஜி மோதல், ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் உரியவை. மூன்றிலும் ஒரு பொதுவான நிலை உண்டு. மூன்றும் நெருக்கமான சண்டைக்குள் நடந்தவை. ஆறாம் இலக்கக்காரர் அதே நிலையில் பலமுறை இரண்டாமிடத்தை வாங்கிக்கொண்டு வீடு போனார்கள். ஏழாம் இலக்கம் அதை வாங்க மறுத்தது.

இது குற்றமா? இங்கே நானும் சின்னவனும் இன்னும் உடன்படவில்லை. 23 ஆவதாகத் தொடங்கி இரண்டாவதாக வர வைத்ததும் அதே மறுப்புத்தான் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் தரப்பு வேறு. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போகும் வண்டி இல்லை. கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். பத்து நிமிடம் வீண் என்று எந்த ஓட்டுநரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பட்டி தளர்ந்திருப்பதும் ஒயில் ஒழுகுவதும் கண்ணில் படும். பிள்ளையாரின் பங்கு எவ்வளவு, நின்று பார்த்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்காதீர்கள்.

நம் பக்கத்துச் சாட்சி ஒன்று

பஹ்ரைன் பம்பைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, ஏனென்றால் அதே வருடத்தில் என்னிடமும் ஒரு பம்ப் வழக்கு இருந்தது. 2024 காலபோகத்தில், பெப்ரவரி நடுவில், அறுவடை இயந்திரம் ஒன்று என் கராஜுக்கு வந்தது. வலு குறைகிறது என்றார் உரிமையாளர். டீசல் வடியை மாற்றினேன், நன்றாக ஓடியது, அனுப்பிவிட்டேன். தாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்பைத் திறந்து பார்க்கவில்லை. பின்னால் வேறு இரண்டு வண்டி காத்திருந்தன, அவசரம். நான்காம் நாள் விசுவமடுப் பக்கம் வயல் நடுவில் இயந்திரம் நின்றது. பம்பின் உதிரிப்பாகம் வவுனியாவிலிருந்து வந்து சேர இரண்டு நாள். அதற்குள் ஒரு மழை. சாய்ந்த நெல் ஈரத்தில் கிடந்ததற்கு அந்த விவசாயி என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நல்லது.

அந்த நான்கு நாளில் அந்த இயந்திரத்தின் வேகத்தைக் குறித்து எவரும் குறை சொல்லவில்லை. அது அயலில் எல்லாவற்றையும் விட விரைவாக வெட்டியது. கூடுதல் ஏக்கர் வெட்டியது யார் என்று பருவ முடிவில் எண்ணிப் பார்த்தபோது, நின்று நின்று போன ஒரு பழைய கூபோட்டா அறுவடை இயந்திரம்தான் முன்னுக்கு இருந்தது. அதன் ஓட்டுநர் காலையிலும் மதியமும் இறங்கி, வடியைக் கழற்றித் தட்டி, பட்டியை அமுக்கிப் பார்ப்பார். அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

கொப்பியின் கடைசிப் பக்கம்

டிசம்பரில் மூன்று பேரும் ஒரு வேலை செய்தோம். கராஜுக்கு வழக்கமாக வரும் ஒவ்வொரு அறுவடை இயந்திரத்துக்கும், உழவு இயந்திரத்துக்கும், லாண்ட்மாஸ்டர் என்னும் இரு சக்கர உழவு இயந்திரத்துக்கும் ஒரு மட்டை அட்டை. அதில் இரண்டு நிரல்கள். ஒன்றில் மணிமானி காட்டும் ஓடிய மணி, மற்றதில் நின்ற மணி. நின்றதற்குப் பக்கத்தில் காரணம்: நாங்களாக நிறுத்தியதா, தானாக நின்றதா. ஃபெராரியின் கதவைப் பார்த்துப் படித்த ஒரு வரியும் உண்டு: எதற்காக நின்றாலும், நின்ற நேரத்தில் வேறு எதைப் பார்த்தோம்.

உரிமையாளர்கள் முதலில் சிரித்தார்கள். ஒருவர், கார்ப் பந்தயம் பார்த்துப் பையன் கெட்டுப்போனான் என்று என்னைத்தான் சொன்னார். எனக்கு ஐம்பது வயது.

விசுவமடுவில் நின்ற இயந்திரம் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை திரும்ப வந்தது, இந்த முறை எந்தக் குறையும் சொல்லாமல், பார்க்கச் சொல்லி மட்டும். சின்னவன் டீசல் பம்பைக் கழற்றி, கழுவி, வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தேய்ந்திருந்தது, ஆனால் இன்னும் ஓடும். மாற்றுவோமா என்று என்னைக் கேட்காமல் உரிமையாளரையே கேட்டான், விலையையும் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாற்றச் சொன்னார். அட்டையில் தேதி போட்டு, காரணம் என்ற இடத்தில் சின்னவன் ஒரு எண்ணை மட்டும் எழுதினான்: 7. உரிமையாளர் அது என்ன என்று கேட்டார். அவன் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான், கட்டாரிலிருந்து.